கமிட்டிக்கு முன்னால் அவனைப் போய்ப் பார்

அன்புள்ள நண்பா,

ஸ்தோத்திரம். உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. இங்கே எல்லோரும் சுகம். மகள் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள், வீடு கலகலப்பாக இருக்கிறது. உன் முழங்கால் வலி குறைந்ததில் சந்தோஷம். மாடிப்படி மட்டும் இப்போதைக்கு வேண்டாம்.

சரி, நீ எழுதிய விஷயத்துக்கு வருகிறேன். சபை விருந்தான அசனத்துக்குச் சேர்த்த பணத்தில் கைவைத்த அந்தத் தம்பியைப் பற்றிப் படித்ததிலிருந்து மனசு அதிலேயே நிற்கிறது. சபைக் கமிட்டியில் பாதிப்பேர் அவன் பேரைச் சபையிலிருந்து நீக்கச் சொல்கிறார்கள், மீதிப்பேர் பணத்தைக் கட்டவைத்துச் சத்தமில்லாமல் மூடிவிடலாம் என்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். இரண்டு தரப்பாரும் அவன் முன்னால் போய் உட்காராமலே காரியத்தை முடிக்கப் பார்க்கிறார்கள். அதுதான் எனக்கு வருத்தம்.

இந்தச் சண்டை புதிதல்ல. கி.பி. 250-ல் ரோமப் பேரரசன் டேசியஸ், எல்லோரும் தேவர்களுக்குப் பலியிட்டுச் சான்றிதழ் வாங்க வேண்டும் என்று கட்டளையிட்டான். வட ஆப்பிரிக்காவில் இருந்த கார்த்தேஜ் நகரத்தில் விசுவாசிகள் பலர் பயந்து பலியிட்டார்கள். சிலர் பலியிடாமல், காசு கொடுத்துச் சான்றிதழை மட்டும் வாங்கிக்கொண்டார்கள். உபத்திரவம் ஓய்ந்ததும் சபைக்குத் திரும்பி வந்தார்கள். இப்படி விழுந்தவனுக்குச் சபையில் இனி இடமில்லை என்றார் ரோமில் இருந்த நோவேஷியன் என்ற குரு. விசுவாசத்துக்காகச் சிறைப்பட்டவர்கள் எழுதிக்கொடுத்த பரிந்துரைச் சீட்டு இருந்தால் போதும், உடனே திருவிருந்துப் பந்தியில் சேர்க்கலாம் என்றது கார்த்தேஜில் ஒரு கூட்டம். கார்த்தேஜின் பேராயர் சிப்ரியன் 251-ல் கூட்டிய சங்கம் இரண்டையும் ஏற்கவில்லை. ஒவ்வொருவர் காரியத்தையும் தனித்தனியாக விசாரிக்க வேண்டும் என்றது. தானாக ஓடிப்போய்ப் பலியிட்டவனும், சித்திரவதையைத் தாங்கித் தாங்கிக் கடைசியில் விழுந்தவனும் ஒன்றா? மனைவி மக்களையும் குடியானவர்களையும் காப்பாற்றத் தான் ஒருவனே போய்ப் பலியிட்டவனை எந்தக் கணக்கில் வைப்பது? சிப்ரியன் இதையெல்லாம் யோசித்து எழுதியிருக்கிறார். சான்றிதழ் மட்டும் வாங்கியவர்களை விசாரித்துச் சேர்த்தார்கள். பலியிட்டவர்களுக்கு நீண்ட மனந்திரும்புதலின் காலத்தை வைத்தார்கள். அடுத்த உபத்திரவம் வரும்போலத் தெரிந்ததும், மனந்திரும்பிக் காத்துநின்ற அவர்களையும் சேர்த்துக்கொண்டார்கள்.

அந்தத் தம்பி விஷயத்திலும் விசாரிக்க நிறைய இருக்கிறது. ஒரு தடவை எடுத்தானா, வருஷக்கணக்காக எடுத்தானா? கடன் நெருக்கியதா, சூதாட்டமா? அவனே வந்து சொன்னானா, கணக்குப் பார்க்கும்போது மாட்டினானா? இவை தெரியாமல் கை தூக்கி ஓட்டுப் போடுவதற்குப் பெயர் தீர்ப்பல்ல.

கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தில் பவுல் பேதுருவை எல்லோருக்கும் முன்பாகவே கண்டிக்கிறார். அதே நிருபத்தின் ஆறாம் அதிகாரத்தில், குற்றத்தில் அகப்பட்டவனைச் சாந்தமுள்ள ஆவியோடே சீர்பொருந்தப்பண்ணச் சொல்கிறார். யூதரல்லாத புறஜாதி விசுவாசிகளோடு பந்தியிருப்பதை விட்டுப் பேதுரு விலகிய தப்பு பலபேர் நடுவே நடந்தது, அவர்களைக் காயப்படுத்தியது. அதனால் கண்டிப்பும் அங்கேயே நடந்தது. தம்பியின் காரியத்தில் பணம் சபையாருடையது என்பதால் கமிட்டிக்குக் கணக்குத் தெரிந்தே ஆக வேண்டும். ஆனால் ஞாயிறு ஆராதனையில் அவன் பேரை வாசிக்க ஒரு அவசியமும் இல்லை. பணத்தைத் தவணையில் கட்டட்டும். இனிப் பணப்பொறுப்பு கொடுக்க வேண்டாம், அது அவனுக்கும் நல்லது. மனந்திரும்பினவன் என்று தெரிந்தபின் திருவிருந்துக்கு வெளியே நிறுத்தி வைக்காதீர்கள். கொரிந்து சபையில் தண்டிக்கப்பட்டவன் அதிக துக்கத்தில் அமிழ்ந்துபோகக்கூடாது என்று பவுல் பதறியதை உங்கள் சபைப் போதகர் ஐயருக்கும் ஞாபகப்படுத்து.

இதை ஒன்று சொல்லியே ஆக வேண்டும். குழந்தையிடமோ பெண்ணிடமோ அத்துமீறிய காரியமாக இருந்தால் நான் இந்தக் கடிதத்தை இப்படி எழுதியிருக்க மாட்டேன். அங்கே முதலில் போலீஸ், பாதிக்கப்பட்டவருக்குப் பாதுகாப்பு. மன்னிப்பு என்ற பெயரில் அதை மூடிவைக்கிற சபை கர்த்தருக்குக் கணக்குக் கொடுக்கும்.

நீ போனால் தனியாகப் போ. உரக்கப் பேசுகிற அந்தக் கமிட்டி அங்கத்தினரைக் கூட்டிக்கொண்டு போகாதே. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன நேரமாகப் பார்த்துப் போ. முதலில் அவன் சொல்வதைக் கேள். அவன் மனைவி பெண்கள் சங்கக் கூட்டத்துக்கு வருவதை நிறுத்திவிட்டாள் என்று எழுதியிருந்தாயே, உன் வீட்டம்மாவை ஒரு நடை அவள் வீட்டுக்குப் போய்வரச் சொல். கமிட்டி கூடுவதற்குள் இந்த இரண்டும் நடந்துவிட்டால் நல்லது. என்ன பேசினான் என்று எனக்கு எழுது. நாங்கள் இருவரும் தினமும் ஜெபத்தில் நினைத்துக்கொள்கிறோம்.

கர்த்தருக்குள்,
உன் பழைய நண்பன்