வாங்குமுன் கவிழ்த்துப் பார்

அன்புள்ள முருகேசு,

நீ வாங்க நினைக்கும் வெள்ளி வெஸ்டா சிமிழின், அதாவது அந்தக் காலத்தில் தீக்குச்சி வைத்துக்கொண்ட சின்னப் பெட்டியின், நான்கு படங்களும் வந்தன. மேலே செதுக்கிய கொடியும் பூவும் அழகுதான். ஆனால் அடிப்பாகத்தை ஒரு படத்தில்கூடக் காணோமே! இந்தச் சிமிழைக் கையில் எடுத்ததும் முதலில் கவிழ்க்க வேண்டும். அடியில் ரம்பப் பல் மாதிரி வரிவரியாக இருக்கும்; குச்சியை உரசும் இடம் அதுதான். வரிகள் கொஞ்சம் மழுங்கியிருந்தால் குறையில்லை, புழங்கிய பொருள். மூலையெல்லாம் தேய்ந்து, வரி மட்டும் நேற்று வெட்டியதுபோல் கூராக இருந்தால் யோசி.

ஜான் வாக்கர் இங்கிலாந்தின் ஸ்டாக்டனில் 1827-இல் உரசுகுச்சி விற்க ஆரம்பித்தார். அதன்பின் வந்த வெண்பாஸ்பரஸ் குச்சி எதில் உரசினாலும் பற்றும். கால்சட்டைப் பைக்குள் ஒன்றோடொன்று உரசினாலும் பற்றும். சுருட்டு, மெழுகுவத்தி, கேஸ் விளக்கு என்று நாள் முழுக்க நெருப்பு தேவைப்பட்ட காலம். ஆகவேதான் இறுக்கமான மூடி, பைக்கடிகாரச் சங்கிலியில் கோக்க ஓரத்தில் ஒரு வளையம். அந்தக் குச்சி செய்த பெண்களுக்குத் தாடை எலும்பே அழுகியது. லண்டனின் ‘போ’ (Bow) என்ற பகுதியில் 1888-இல் அவர்கள் வேலைநிறுத்தம் செய்ததைப் படித்திருப்பாய். இன்றைய சிவகாசிக் குச்சியை இந்த வரியில் உரசிப் பார்க்காதே. அது பெட்டியின் பக்கவாட்டு மருந்தில்தான் பற்றும். வரிதான் வீணாகும்.

மூடியைத் திற. குச்சித் தலையின் மருந்து வெள்ளியை அரிக்கும் என்பதால் நல்ல சிமிழில் உள்ளே தங்க முலாம் இருக்கும். முத்திரையில் நடக்கும் சிங்கம் இருந்தால் ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி. நங்கூரம் இருந்தால் பர்மிங்காமில் முத்திரையிட்டது, சிறுத்தைத் தலை இருந்தால் லண்டனில். கூடவே ஆண்டு எழுத்து, செய்தவர் குறி. 1890-க்கு முந்தியதில் அரசுக்குத் தீர்வை கட்டியதற்கு அடையாளமாக அரசியின் தலையும் இருக்கும். உடலில் ஒரு முத்திரையும் மூடியில் வேறொன்றும் இருந்தால் இரண்டு சிமிழ்களைச் சேர்த்திருக்கிறார்கள்.

பிறகு வாயால் ஊது. ஆவி படியும்போது பொடிவைத்து ஊதிய, அதாவது பற்றவைத்து ஒட்டிய, இடம் கோடாகத் தெரியும். கீலோரம் சாம்பல் நிறமாக இருந்தால் ஈயப் பற்று; அதைச் சரிசெய்வது பெரும்பாடு. நடுவில் கட்டைவிரலால் தடவு. பழைய பெயரெழுத்தைச் சுரண்டி எடுத்திருந்தால் அங்கே மெல்லிய பள்ளம் தட்டும், அழுத்தினால் தகடு உள்வாங்கும். அப்படியானதற்கு முழு விலை கொடுக்காதே.

கடைக்காரர் ரசாயனத்தில் முக்கிப் பளபளப்பாக்கித் தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல். செதுக்கலின் பள்ளத்தில் படிந்த கறுப்பு போனால் பூவே தெரியாது. மெல்லிய துணியால் துடைத்தால் போதும்.

அடிப்பாகம், மூடியின் உட்புறம், கீல் மூன்றையும் ஜன்னல் வெளிச்சத்தில் படமெடுத்து அனுப்பு. அதுவரை முன்பணம்கூடக் கொடுக்காதே.

அன்புடன்,
ராகவன்