சீட்டில் தன் பெயரே வந்தால் என்ன செய்வது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விசேஷ நாளில் கூடிச் சிரித்த உறவினர்கள், கலைந்த மறுநாளிலிருந்து பேசிக்கொள்வதே இல்லை என்று வருத்தப்படாத குடும்பம் இல்லை. பாசம் வற்றிவிட்டது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். பெரும்பாலும் அது காரணம் இல்லை. பேசுவதற்கு ஒரு சாக்கு கிடைக்கவில்லை, அவ்வளவுதான். அந்தச் சாக்கைக் குடும்ப விளையாட்டுகள் கொடுக்கும். ஆனால் ஆசையாகத் தொடங்கியவை இரண்டாம் ஆண்டே நின்றுவிடுகின்றன. விதிகளைச் சரியாக வகுக்காததே அதற்குக் காரணம் என்பதால் இதை எழுதுகிறேன்.

'ரகசிய நண்பர்' விளையாட்டையே எடுத்துக்கொள்வோம். ஆளுக்கொரு பெயர்ச் சீட்டு எடுக்க வேண்டும். சீட்டில் வந்தவருக்கு நான்கு வாரம், யார் என்று தெரியாமல், சின்னச் சின்னதாக ஏதாவது செய்ய வேண்டும்: ஒரு பழைய புகைப்படம், ஒரு விடுகதை, ஒரு வாழ்த்து. நம் கைபேசியிலிருந்து அனுப்பினால் எண் காட்டிக்கொடுத்துவிடும்; எனவே சித்தப்பாவின் கைபேசியிலிருந்து அனுப்பச் சொல்ல வேண்டும். விளையாட்டின் உயிரே இதுதான். ஒருவரை மகிழ்விக்க, நெடுநாள் பேசாத மூன்றாவது ஒருவரின் உதவியைக் கேட்டாக வேண்டும்.

கெட்டுப்போவது குலுக்கலில்தான். நான்கு பேர் நான்கு சீட்டு எடுத்தால் 24 விதமாக விழலாம். அவற்றில் 15 விதங்களில் யாராவது ஒருவருக்காவது தன் பெயரே வந்துவிடும். ஆள் கூடினால் சரியாகிவிடும் என்று தோன்றும், ஆகாது. பத்துப் பேரானாலும் ஐம்பது பேரானாலும் நூற்றுக்கு 63 முறை இதுவே நடக்கும். 1708ஆம் ஆண்டிலேயே மோன்மோர் என்ற பிரெஞ்சுக் கணித அறிஞர் இந்தப் புதிரை எழுப்பியிருக்கிறார். 'என் பேரே வந்துடுச்சு' என்று ஒருவர் சீட்டைத் திரும்பப் போட்டால், அடுத்து எடுப்பவர்களுக்குத் துப்பு கிடைத்துவிடுகிறது. கடைசியாக எடுப்பவருக்கு அப்படி வந்தால் எல்லோருமே மறுபடி எடுக்க வேண்டும். இரண்டு முறை இப்படி ஆனால் குழந்தைகளே எழுந்து போய்விடுவார்கள். 'நானே பிரித்துக் கொடுக்கிறேன்' என்று ஒரு பெரியவர் முன்வந்தால் அவருக்கு எல்லா ரகசியமும் தெரிந்துவிடும். பாவம், அவர் மட்டும் ஆடாமல் உட்கார்ந்திருக்க வேண்டும்.

இதற்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. மூன்று வீடுகளிலிருந்து 5, 4, 3 என்று 12 பேர் என்று வைத்துக்கொள்வோம். அஞ்சலட்டை அளவில் 12 கெட்டி அட்டைகள் வேண்டும். மெல்லிய தாள் உதவாது. பேனாவின் அழுத்தம் பின்பக்கம் தெரியும். 1 முதல் 12 வரை, ஒவ்வொரு அட்டையிலும் மேல் பாதியில் ஒரு எண், கீழ்ப் பாதியிலும் அதே எண். 6, 9 இரண்டுக்கும் மறக்காமல் அடிக்கோடு போடுங்கள். இல்லாவிட்டால் ஒரே ஆளுக்கு இரண்டு நண்பர்கள் சேர்ந்து, இன்னொருவருக்கு யாருமே இல்லாமல் போய்விடும். வீட்டுக்கு ஒரு நிறமாக, மேல் பாதியின் பின்பக்கத்தில் மட்டும் பொட்டு வையுங்கள்.

இனி எண் தெரியாதபடி எல்லாவற்றையும் கவிழ்த்து, ஒவ்வொரு வீட்டின் அட்டைகளையும் தனித்தனியாகக் கலைத்து, வீடு வீடாக ஒரே வரிசையில் அடுக்குங்கள். நடுவில் குறுக்காக வெட்டுங்கள். கீழ்ப் பாதிகளை மட்டும் ஐந்து இடம் வலப்பக்கம் நகர்த்துங்கள்; வலக்கோடியில் மிஞ்சுகிற ஐந்தும் இடக்கோடிக்கு வர வேண்டும். மேலும் கீழுமாக இருப்பதை ஜோடியாக, கவிழ்த்தபடியே கிளிப் போட்டுவிடுங்கள். அவரவர் வீட்டு நிறத்தில் ஆளுக்கொரு ஜோடி எடுத்துக்கொள்ளலாம். மேல் எண் தன்னுடையது. 1 முதல் 12 வரை எண் வரிசையாக எழுதிய ஒரு பொதுத்தாளில் அந்த எண்ணுக்கு எதிரே தன் பெயரை எழுத வேண்டும். கீழ் எண் யாருடையதோ அவருக்கே நாம் ரகசிய நண்பர். எல்லோரும் எழுதி முடித்ததும் தாளை முழுதாகப் படம் எடுத்துக்கொண்டு தனியாகப் போய்ப் பார்க்கட்டும். அங்கேயே பார்த்தால் கண்ணும் விரலும் போகிற இடம் காட்டிக்கொடுத்துவிடும்.

ஐந்து இடம் ஏன் என்றால், பெரிய வீட்டில் ஐந்து பேர். அத்தனை இடம் நகர்ந்தால் யாருடைய சீட்டும் தன் வீட்டுக்குள் விழாது. கணவருக்கு மனைவி பெயர் வந்து விளையாட்டு சப்பென்று போவதும் இதனால் நிற்கும். ஒரே வீட்டில் மொத்தத்தில் பாதிக்கு மேல் ஆட்கள் இருந்தால் மட்டும் எந்த முறையும் உதவாது. வெளியே இருப்பவர்கள் போதமாட்டார்கள்.

பணத்தை உள்ளே விடாதீர்கள். பரிசு வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், வருமானம் குறைந்த வீடு ஏதாவது ஒரு காரணம் சொல்லி அடுத்த ஆண்டு வராமல் இருந்துவிடும். கையால் செய்தது, எழுதியது, தேடி எடுத்தது மட்டுமே செல்லும் என்று விதி இருக்கட்டும்.

ஒருவர் வீட்டுக்குப் போகும்போது ஒரு பொம்மையை ஒளித்துவைத்துவிட்டு வருவது இன்னொரு வகை. கண்டெடுத்தவர் அடுத்த வீட்டில் ஒளிப்பார். உள்ளங்கை அளவு, பளிச்சென்ற நிறம், உடையாத பொருள், சிறு குழந்தையின் தொண்டைக்குள் போகாத பருமன். கூடம், வராந்தா போன்ற பொது இடத்தில் மட்டுமே ஒளிக்கலாம். பீரோ, கைப்பை, மருந்துப் பெட்டி, அடுப்பு, மின்பெட்டி பக்கம் போகவே கூடாது. ஒளித்தது வீட்டாருக்குத் தெரியாமல் பொம்மை மாதக்கணக்கில் கிடப்பதுதான் வழக்கமான கோளாறு. மூன்றாம் நாள் ஒரு துப்பு, முப்பதாம் நாள் இடத்தைச் சொல்லிவிடுவது என்று வைத்துக்கொண்டால் தீர்ந்தது.

வீடு வீடாகச் சுற்றும் கடித உறை மற்றொரு வகை; ஒவ்வொரு வீடும் அதில் தன் பழைய கடிதத்தை எடுத்துவிட்டுப் புதியதை வைத்து அனுப்பும். ஒரு வீடு தாமதித்தால் எல்லாமே நின்றுவிடும். எழுத நேரமில்லை என்றாலும் பத்து நாளில் உறை நகர்ந்துவிட வேண்டும்.

ஒன்று மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். துக்கம் நடந்த வீட்டை, சங்கடமாக இருக்கும் என்று நாமாகவே விட்டுவிடக் கூடாது. கேளுங்கள். 'இந்த வருஷம் வேண்டாம்' என்று அவர்கள் சொன்னால், அடுத்த ஆண்டு அவர்களுக்கான அட்டையை முதலில் எடுத்து வையுங்கள். புதிதாக வந்த மருமகளும் மாப்பிள்ளையும் குலுக்கலுக்கு முன்பே விதிகளைத் தெரிந்துகொள்ளட்டும். தெரியாமல் மாட்டிக்கொண்டு விழிப்பது அவர்களுக்கு விளையாட்டாக இருக்காது.

கலைவதற்கு முன் அடுத்த குலுக்கலின் தேதியையும், அட்டைப்பெட்டி எந்த வீட்டில் இருக்கும் என்பதையும் அந்தப் பொதுத்தாளின் அடியிலேயே எழுதிவிடுங்கள். பெட்டி ஆண்டுக்கு ஒரு வீடு மாறட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்