அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலம், பிளெய்ன்ஸிலிருந்து அம்மா

அன்புள்ள மகனுக்கு,

அம்மாவின் ஆசீர்வாதங்கள். ஈஸ்டருக்குப் பிறகு நீ தொலைபேசியில் பேசுவது குறைந்துவிட்டது. வேலை அதிகம் என்கிறாய், நம்புகிறேன். ஆனாலும் அட்லாண்டா மூன்று மணி நேரப் பயணம்கூட இல்லை. செப்டம்பரில் நம் ஊர் வேர்க்கடலைத் திருவிழாவுக்காவது வா. வருவதானால் பகலில் வா. இருட்டினால் 280-ஆம் சாலையில் மான்கள் குறுக்கே பாயும்.

ஜனாதிபதியாக இருந்த நம் ஊர்க்காரர் ஜிம்மி கார்ட்டர் 2024 டிசம்பரில் காலமானதிலிருந்து ஊர் அடங்கிவிட்டது. 600 பேர்கூட இல்லாத இந்த ஊரில், அவருடைய ஞாயிறு வேதாகமப் பாடத்தைக் கேட்க விடியுமுன்பே வெளியூர்க் கார்கள் மாரநாதா ஆலயத்துக்கு வந்து நின்ற காலத்தை நீயே பார்த்திருக்கிறாய். இப்போது எங்கே வேண்டுமானாலும் வண்டியை நிறுத்தலாம்.

ஊரில் ஏற்கெனவே ஒரு பாப்டிஸ்ட் ஆலயம் இருக்க, இந்த ஆலயம் எதற்கு என்று சிறுவயதில் நீ கேட்டபோது உன் அப்பா பேச்சை மாற்றிவிட்டார். கறுப்பின மக்களை வழிபாட்டுக்கு அனுமதிப்பதா என்று பழைய ஆலயத்தில் 1965-இல் வாக்கெடுத்தபோது, அனுமதிக்கத்தான் வேண்டும் என்று கார்ட்டர் எழுந்து பேசினார், தோற்றார். அவர் ஜனாதிபதியாக வென்ற 1976 தேர்தலுக்கு முந்தைய ஞாயிறன்று கறுப்பினப் போதகர் ஒருவர் உறுப்பினராகச் சேர வந்தபோது, ஆராதனையையே ரத்து செய்து கதவைச் சாத்தினார்கள். அந்தப் பிணக்கு முற்றி மறு ஆண்டு சபை உடைந்ததில் பிறந்ததுதான் மாரநாதா. நாம் ஒன்றும் மேலானவர்கள் அல்லர். நம் வடக்கன்குளத்துக் கிறிஸ்தவக் கோயிலில் சாதி பிரிக்க நடுவே சுவரே இருந்ததைப் பாட்டி உனக்குச் சொல்லியிருப்பாள்.

நானும் நர்ஸ் என்பதாலோ என்னவோ, எனக்குக் கார்ட்டரைவிட அவர் தாயார் லில்லியன்மீதுதான் மதிப்பு அதிகம். 68 வயதில் அமெரிக்க அரசின் தொண்டர் அமைப்பான பீஸ் கோரில் சேர்ந்து, பம்பாய் விக்ரோலிக்குப் போய் நோயாளிகளைப் பார்த்த பெண்மணி. கறுப்பினத்தவர் வெள்ளையர் வீட்டுக்குப் பின்வாசல் வழியாக மட்டுமே வரலாம் என்றிருந்த நாளில், கறுப்பினப் பிஷப் வில்லியம் ஜான்சனின் மகன் படிப்பிடத்திலிருந்து ஊருக்கு வந்தால் நேரே முன்வாசலுக்கு வருவாராம். லில்லியன் அவரை உள்ளே அழைத்து உட்கார வைத்துப் பேசிக்கொண்டிருப்பாராம். அவர் கணவருக்கு அது பிடிக்காது. ஆனால் சண்டை போடமாட்டார். மெதுவாக வீட்டைவிட்டு வெளியே போய்விடுவாராம். உன் அப்பாவின் சுபாவம் உனக்குத் தெரியும். அவரும் வெளியே போவார், பிறகு காப்பி நேரத்துக்குத் திரும்பிவிடுவார்.

நீ அனுப்பிய அலுவலகப் படத்தை அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. உனக்குப் பதவி உயர்வு கிடைத்ததை மட்டும் மருந்துக்கடையில் எல்லோரிடமும் சொல்லிவிட்டு வந்தார். உன் தோளில் கை வைத்து நிற்கும் பெண்ணின் பெயரை நீ எழுதவில்லை, நானும் கேட்கவில்லை. நேரத்துக்குச் சாப்பிடு. படத்தில் இளைத்திருக்கிறாய். இரவில் கார் ஓட்டாதே, மான் விஷயத்தை மறுபடியும் சொல்கிறேன்.

திருவிழா நாளில் ஊர் முழுக்க அவித்ததும் வறுத்ததுமாகக் கடலைதான், நம் சமையலறையும் உட்பட. சிலருக்கு அது ஒத்துக்கொள்ளாமல் மூச்சுத் திணறும்வரை போய்விடும். உன்னோடு வருகிறவர்களுக்கு அப்படி ஏதும் உண்டா என்று முன்கூட்டியே கேட்டு எழுது. சட்னியைத் தேங்காயில் அரைத்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
அம்மா