ஏழாம் நம்பர் படம்

சுங்கை சிப்புட்

அன்பு மகன் தம்பிக்கு அப்பா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். அங்கே குளிர் எப்படி? பசியாறாம வேலைக்கு ஓடாதே.

பன்னிரண்டு படமும் வந்து சேர்ந்தது. கண்ணாடி போட்டுக்கிட்டு ரெண்டு நாள் பார்த்தேன். ஒட்டுக்கடையில நாலு பேர்கிட்ட காட்டியும் ஆச்சு, கோவிச்சுக்காதே. தோட்டத்துப் பிள்ளை புத்தகம் போடுதுன்னா சும்மாவா?

முதல் படம், கோலகங்சார் ரப்பர் மரம், போடலாம். 1877இல் நட்ட ஒன்பது கன்றில் மிஞ்சினது. அதுல போய் பால் பிடிக்கிற மங்கு மாட்டி வச்சிருக்கு, எடுக்கச் சொல்லு.

வரையுற பிள்ளை சென்னையாமே, பால் மரத்தைக் கண்ணால பார்த்திருக்காது. மூணாவது, அஞ்சாவது படத்துல வெட்டுக் கோடு வலது மேலிருந்து இடது கீழே இறங்குது. இப்படி வெட்டியிருந்தா வேலையை மேற்பார்வை பார்த்த மண்டோர் அன்னிக்குக் கூலிக்குப் பேர் போட்டிருக்க மாட்டார். பட்டைக்குள்ள பால் குழாய் நேரா ஏறாது, வலப்பக்கம் சாய்ஞ்சு ஏறும். இடது மேலிருந்து வலது கீழே இழுத்தாத்தான் நிறையக் குழாய் அறுபடும். கோட்டைத் திருத்தச் சொல்லு.

ஏழாம் படம் வேண்டாம்.

கூரைத் தகரம் மாத்தியாச்சு. தீபாவளிக்கு வருவேன்னு சொன்னே, டிக்கெட் விலைன்னுட்டே. சரி, உன் சௌகரியம். அக்கா சுட்ட முறுக்கு டின்னோட பொங்கல் வரைக்கும் இருந்தது. அவ இங்கே இருக்கிறப்போ உன் போன் வந்தா, துணி காயுதான்னு பார்க்கக் கொல்லைக்குப் போயிடுறா. நான் ஒண்ணும் கேட்கிறதில்லை.

ஏழாம் படம் வேண்டாம்னேன். வரைஞ்சதுல குறை இல்லை. பாவாடையைச் சொருகிக்கிட்டு மங்கு துடைக்கிற பிள்ளை, விரல் இடுக்குல பால் காய்ஞ்சு கறுத்தது வரைக்கும் அச்சு அசல். நீ அனுப்பின பழைய போட்டோவைப் பார்த்து வரைஞ்சிருக்கும். அக்கா அதை மட்டும் எடுத்துக் கவிழ்த்து வச்சா.

அதுக்குக் கீழே, 'அக்காவுக்குப் படிப்பில் நாட்டமில்லை'ன்னு எழுதியிருக்கே. உன்னைச் சொல்லிக் குத்தமில்லை, நான் சொன்னதுதானே. பொய் அது, தம்பி. 1978இல் அவ ஆறாம் வகுப்பு முடிச்சா. ஜனவரியில இடைநிலைப் பள்ளிக்கூடத்துல புகுமுக வகுப்பு. பள்ளி உடுப்பு, பினோபோர் கூடத் தைச்சாச்சு. உங்கம்மாவுக்கு முதுகு வலி, ஒத்தை ஆளா பால் எடுக்கிற மர நெரையை முடிக்க முடியலை. நான்தான் போக வேண்டாம்னேன். அவ அழலை. உனக்கு அப்போ மூணு வயசு, அந்தப் பினோபோரை வெட்டி உனக்குக் கால்சட்டை தைச்சோம். வெட்டிக் கொடுத்தது அவதான்.

உன்னைப் படிக்க வச்சேன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்.

படம் இருக்கட்டும், அந்த வரியை எடு. என்ன போடுறதுன்னு அவளையே கேளு. அவ நம்பர் மாறிப் போச்சு. ஏழாம் படத்துக்குப் பின்னாடி பென்சில்ல எழுதித் திருப்பி அனுப்புறேன்.

மூணு, அஞ்சு ரெண்டுலயும் கோட்டைத் திருத்தச் சொல்ல மறந்துடாதே.

அப்பா