கயலுக்கு: முதலில் குண்டு, மற்றதெல்லாம் அப்புறம்

போய்சி, ஐடஹோ

அன்புள்ள கயல்,

புல்வெளியில் வளை தோண்டி வாழும் அணில் இனமான பிரெய்ரி நாயைச் சுடத் தோட்டா நிரப்ப என்று நீ அனுப்பிய பட்டியலைப் பார்த்தேன். ஆறு வகைக் குண்டு, அதைத் தள்ளுகிற வெடிமருந்து நாலு வகை, அந்த மருந்தைப் பற்றவைக்கும் பிரைமர் மூன்று வகை. எல்லாவற்றையும் வாங்கினால் கடைக்காரருக்கு நல்ல வியாபாரம், உனக்கு ஒரு வருஷக் குழப்பம். போனில் சொன்னால் பாதி காற்றில் போய்விடும், மேஜை முன்னால் உட்காரும்போது எடுத்துப் பார்க்கவும் முடியாது, அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். அம்மா பக்கத்தில்தான் இருக்கிறாள். நீ தெற்கு டகோட்டாவில் ரேபிட் சிட்டிக்குப் போய் துப்பாக்கி வாங்கியதே அவளுக்குப் பிடிக்கவில்லை, இதில் தோட்டாவையும் நீயே நிரப்பப் போகிறாய் என்றதும் முகம் போன போக்கை நீயே கற்பனை செய்துகொள்.

நீ வாங்கியது பழைய ரெமிங்டன் 700, .223 தோட்டாவுக்கானது, கனத்த குழல். நல்ல துப்பாக்கி. மருந்து எது, பிரைமர் எது என்று கேட்பதற்கு முன்னால் அந்தக் குழலுக்குள் குண்டைச் சுழலவைக்கும் வரிப்பள்ளத்தின் முறுக்கு எத்தனை என்று தெரிந்தாக வேண்டும். அந்தக் கால 700-களில் .223 குழலுக்கு 12 அங்குலத்துக்கு ஒரு சுற்றுதான் வழக்கம். 55 கிரெயின் (குண்டையும் மருந்தையும் நிறுக்கும் சின்ன எடை அளவு) குண்டே பொதுவாக இருந்த காலத்தில் அது தாராளமாகப் போதும். இப்போது விற்கிற துப்பாக்கிகளில் 9, 8, 7 என்று முறுக்கு இறுகிக்கொண்டே போகிறது, நீளக் குண்டு சுடுகிறவர்களுக்காக. உன்னோடு வேலை பார்ப்பவர் தந்தாரே 69 கிரெயின் மேட்ச் குண்டு வைத்த ஒரு கணக்கு, அது அவருடைய துப்பாக்கிக்குச் சரியாக இருக்கலாம். உன் குழல் 12 என்றால் அந்தக் குண்டுக்கு வேண்டிய சுழற்சி கிடைக்காது, தள்ளாடிக்கொண்டே போய் காகிதத்தில் பக்கவாட்டாக விழும், வட்டமாக இருக்க வேண்டிய துளை சாவித் துவாரம் போல நீளமாக இருக்கும். அப்புறம், யார் கொடுத்தாலும் மற்றவர் மருந்துக் கணக்கை அப்படியே எடுத்துப் போடாதே, நான் கொடுத்தாலும் சரி. அதனால்தான் இந்தக் கடிதத்தில் எத்தனை கிரெயின் மருந்து என்று எங்கேயும் எழுதப் போவதில்லை. அது குண்டுக் கம்பெனியின் கையேட்டிலும் மருந்துக் கம்பெனியின் அட்டவணையிலும் இருக்கிறது, அங்கேதான் பார்க்க வேண்டும்.

முறுக்கை அளப்பது லேசு. துப்பாக்கியில் தோட்டா இல்லை என்று பார்த்து, போல்ட்டைக் கழற்றிவிட்டு, சுத்தம் செய்யும் கம்பியில் துணியை இறுக்கமாகச் சுற்றிக் குழலுக்குள் விடு. கைப்பிடி தானாகச் சுழலும் கம்பியாக இருக்க வேண்டும். கம்பியின் மேல்பக்கம் ஒரு கோடு போட்டுக்கொள், அந்தக் கோடு ஒரு முழுச் சுற்று சுற்றி மேலே வரும்வரை தள்ளு, எத்தனை அங்குலம் உள்ளே போயிருக்கிறது என்று பார். அவ்வளவுதான்.

12 என்று வந்தால் ஈயக் குண்டில் 40-இலிருந்து 55 கிரெயின் வரை உன் எல்லை. அதற்குள் ஹோர்னடி வி-மேக்ஸ், நோஸ்லர் பாலிஸ்டிக் டிப், சியரா பிளிட்ஸ்கிங் மூன்றுமே நல்லவை. மூன்றும் ஒரே யோசனையில் செய்யப்பட்டவைதான்: முனையில் பிளாஸ்டிக், அதற்குப் பின்னால் மெல்லிய தாமிர உறை, உள்ளே ஈயம். பட்ட இடத்திலேயே சிதறிவிடும். மாடு மேய்கிற நிலத்தில் சுடுகிறவர்களுக்கு இதைவிட முக்கியமான குணம் வேறில்லை, கல்லில் பட்டுத் தெறித்து அடுத்த பண்ணைக்குப் போகிற ஆபத்து வெகுவாகக் குறையும். குறையும் என்றுதான் சொல்கிறேன், போகவே போகாது என்று இல்லை. பின்னால் மண்மேடு இருக்கிறதா என்று பார்க்காமல் விரலை விசையில் வைக்காதே. நான் உன் இடத்தில் இருந்தால் 50 கிரெயினில் ஆரம்பிப்பேன். 40 கிரெயின் வேகமாகக் கிளம்பும், ஆனால் உங்கள் ஊர்க் காற்று அதைத் தூக்கிக்கொண்டு போய்விடும்.

இனி நீ கேட்காத ஒன்று. அந்தச் சிதறும் குண்டுதான் சிக்கலும். இங்கே போய்சிக்குத் தெற்கே, கூனா தாண்டி, ஸ்னேக் ஆற்றுப் பக்கம் உன்னைச் சின்ன வயசில் கூட்டிப் போவோமே, பருந்து பார்க்க. 1993-இல் நாடாளுமன்றமே சட்டம் போட்டு வேட்டைப் பறவைகளுக்காக ஒதுக்கிய இடம். அங்கே ஜனவரி பிப்ரவரியிலேயே தரையணில்கள் வெளியே வந்துவிடும், பறவைகள் கூடு கட்டுவதே அதை நம்பித்தான். அதே தரையணிலைச் சுடுவதற்குத்தான் வாரக் கடைசியில் ஆட்கள் வந்து குவிகிறார்கள். சுட்டதை யாரும் எடுத்துப் போவதில்லை, கழுகும் பருந்தும் அண்டங்காக்கையும் தின்கின்றன. உடலுக்குள் தூளாகிக் கிடக்கும் ஈயமும் சேர்ந்து உள்ளே போகிறது. நீ கால்நடை மருத்துவம் படித்தவள், ஈயம் ஒரு பறவையின் நரம்பை என்ன செய்யும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் பக்கம் பிரெய்ரி நாய்க் குடியிருப்புகளிலும் இதே கதைதான், பொன்னிறக் கழுகும் ஃபெரூஜினஸ் பருந்தும் அங்கேதான் வட்டமிடும்.

அதனால் ஈயம் இல்லாத குண்டை ஒரு தடவை முயன்று பார் என்று சொல்கிறேன். ஹோர்னடியில் என்டிஎக்ஸ், பார்ன்ஸில் வார்மின்ட் கிரனேட், நோஸ்லரிலும் பாலிஸ்டிக் டிப்பிலேயே ஈயமில்லாத வகை உண்டு. ஈயத்தைவிடத் தாமிரம் லேசு, ஆகவே அதே எடைக்குக் குண்டு நீளமாகிவிடும். முறுக்கு பார்ப்பது எடையை அல்ல, நீளத்தை. 55 கிரெயின் ஈயக் குண்டு நன்றாகப் போகிறதே என்று 55 கிரெயின் தாமிரத்தை வாங்கினால் ஏமாற்றமாகலாம். 35, 36, 40 கிரெயின் என்று லேசானதாகப் பார், எந்த முறுக்குக்குச் சரி என்று கம்பெனியே சொல்லியிருக்கும். விலை கூடத்தான். காற்றிலும் கொஞ்சம் கூடுதலாக நகரும், நான் மேலே 40 கிரெயினைக் குறை சொன்னது இதற்கும் பொருந்தும். அப்படியானால் தூரத்தைக் குறைத்துக்கொள், 300 கெஜம் போகாதே, 200-க்குள் சுடு. எனக்கு அதில் வருத்தம் எதுவும் இல்லை. சரி, இது உன் முடிவு, நான் கட்டாயப்படுத்தவில்லை.

குண்டு முடிவானால் மருந்துப் பட்டியல் தானாகச் சுருங்கிவிடும். உன் பட்டியலில் எச்335, வார்கெட், பெஞ்ச்மார்க், சிஎஃப்இ 223 இருக்கிறது. நாலுமே .223-க்கு ஓடும். எச்335 உருண்டை மணி மருந்து, அளவுக் கருவியில் சீராக விழும், வேலை வேகமாக நடக்கும், அதனால்தான் ஒரே மூச்சில் நூற்றுக்கணக்கில் நிரப்புகிறவர்களுக்கு அது பிடிக்கும். ஆனால் வெயிலில் அதன் குணம் மாறும். ஜூலை மாதம் உங்கள் புல்வெளியில், தோட்டாப் பெட்டி காரின் டாஷ்போர்டில் கிடந்து கொதித்திருந்தால், ஏப்ரலில் நீ சோதித்துப் பார்த்த அழுத்தம் அன்றைக்கு இருக்காது, ஏறியிருக்கும். வார்கெட், பெஞ்ச்மார்க் இரண்டும் ஹாட்ஜ்டன் கம்பெனி பெயரில் வந்தாலும் ஆஸ்திரேலியாவில் முல்வாலா ஆலையில் செய்யப்படுபவை, வெயில் குளிர் இரண்டிலும் பெரிதாக ஆட்டம் காட்டாது. வார்கெட் பொடியாக நறுக்கிய சேமியா மாதிரி இருக்கும், அளவுக் கருவியில் அடிக்கடி மாட்டும். 50 கிரெயினுக்கும் அதற்குக் கீழும் அது கொஞ்சம் மெதுவான மருந்தும்கூட. பெஞ்ச்மார்க்கில் குச்சி இன்னும் பொடிசு, நன்றாக விழும், லேசான குண்டுக்குப் பொருத்தமான வேகம். உனக்கு அதைத்தான் சொல்வேன். கிடைக்காவிட்டால் எச்4895.

இன்னொரு காரணமும் உண்டு. .223 தோட்டாவின் பித்தளைக் கூடு சின்னது, இந்த மருந்துகள் அதைக் கிட்டத்தட்ட நிரப்பிவிடும். கைத்தவறி இரண்டு தடவை ஊற்றினால் வழிந்து மேஜையில் கொட்டும், உடனே கண்ணுக்குத் தெரியும். புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்களுக்கு இதைவிடப் பெரிய பாதுகாப்பு இல்லை. மேஜை மேல் எப்போதும் ஒரே ஒரு மருந்து டப்பாதான் இருக்க வேண்டும். வேலை முடிந்ததும் மிச்சத்தை அதே டப்பாவில் கொட்டிவிடு, வேறு எதிலும் ஊற்றி வைக்காதே. ஒரு பவுண்டில் 7,000 கிரெயின்; 25 கிரெயின் போட்டால்கூட 280 தோட்டா வரும் என்று கணக்குப் பார்த்துக்கொள். பிடித்த மருந்து கிடைத்தால் ஒரே லாட் எண்ணில், அதாவது ஒரே தடவையில் தயாரித்ததில், பெரிய டப்பாவாக வாங்கு, லாட் மாறினால் திரும்பவும் கீழிருந்து ஏறிப் பார்க்க வேண்டியிருக்கும்.

பிரைமர் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஸ்மால் ரைஃபிள், சிசிஐ பிஆர்4 அல்லது ஃபெடரல் 205எம், எது கிடைக்கிறதோ அது. ஸ்மால் பிஸ்டல் பிரைமரும் அதே விட்டம்தான், கூட்டில் உட்கார்ந்துவிடும், ஆனால் அதன் தகடு மெல்லியது, .223-இன் 55,000 பிஎஸ்ஐ அழுத்தத்துக்குச் செய்ததல்ல. அதனால் இரண்டையும் ஒரே அலமாரியில் வைக்காதே. ரெமிங்டனில் வாங்கினால் 7½ வாங்கு, 6½ வேண்டாம், அது .22 ஹார்னெட் மாதிரி அழுத்தம் குறைந்த தோட்டாக்களுக்கு. 2020-க்கு அப்புறம் பிரைமரே கிடைக்காமல் எல்லோரும் அலைந்தபோது கையில் கிடைத்ததைப் போட்டுச் சுட்டவர்கள் நிறைய, அந்தப் பழக்கம் உனக்கு வேண்டாம். எந்தப் பொருளை மாற்றினாலும் கையேட்டில் இருக்கும் ஆரம்ப அளவுக்கு இறங்கி மறுபடி ஏறு.

பித்தளைக் கூட்டுக்கு லாபுவா வாங்க வேண்டும் என்று யாரோ சொன்னார்களாம். லாபுவா அருமை, விலையும் அருமை. ஸ்டார்லைனே போதும் என்று நினைக்கிறேன், ஒரே கம்பெனிக் கூடாக ஒரு இருநூறு இருந்தால் சரி. ராணுவக் கூடு சும்மா கிடைக்கிறதென்று அள்ளிக்கொண்டு வராதே. அதில் பிரைமரைச் சுற்றி நசுக்கி இறுக்கியிருப்பார்கள், அதைச் சரிசெய்யாமல் புதுப் பிரைமர் ஏறாது, அதற்குத் தனிக் கருவி, தனி வேலை. சுடச் சுடக் கூடு நீளும். 1.760 அங்குலம் அதன் உச்சம், 1.750-க்கு வெட்டிக்கொள். நீண்ட கூட்டின் கழுத்து துப்பாக்கியின் தோட்டா அறைக்குள் இறுகி, குண்டை விடாமல் பிடித்து, அழுத்தத்தை எங்கேயோ கொண்டுபோய்விடும்.

வேகம் பற்றிக் கேட்டிருந்தாய். 50 கிரெயின் குண்டு விநாடிக்கு 3,300 அடி சுமாரில் போகும். அதற்கு மேல் இன்னொரு 50 அடி பிடுங்க நினைக்கிறவர்கள்தான் கூட்டின் பிரைமர் குழியைத் தளர்த்திக்கொள்கிறார்கள். பிரெய்ரி நாய்க்கு அந்த 50 அடி தெரியாது. நிமிர்ந்து நின்றால் ஒரு அடி உயரம், நாலைந்து விரல் அகலம், அவ்வளவுதான் இலக்கு. உனக்கு வேண்டியது அந்த அகலத்துக்குள் ஒவ்வொரு தடவையும் விழுகிற தோட்டா. உச்ச அளவுக்குக் கீழேயே குண்டுகள் நெருக்கமாக விழுகிற மருந்தளவு ஒன்று கிடைக்கும், கிடைத்ததும் அங்கேயே நின்றுவிடு. போல்ட் தூக்கக் கடினமாக இருந்தாலோ, கூட்டின் அடியில் பளபளவென்று ஒரு தடம் விழுந்தாலோ, அன்றைக்குச் சுடுவதை நிறுத்திவிட்டு அந்தத் தோட்டாக்களைப் பிரித்துப் போடு. குழல் தொட முடியாத அளவு சூடானால் ஆறவிடு. பிரெய்ரி நாய்க் குடியிருப்பில் அடுத்தடுத்துத் தலை தூக்கும், கை நிற்காது, பழைய குழல்களின் தொண்டை அப்படித்தான் தேய்ந்துபோகிறது.

இன்னொன்று. வளைமேட்டில் நிமிர்ந்து நிற்பதெல்லாம் பிரெய்ரி நாய் இல்லை. அதே வளைகளில் ஒரு சின்ன ஆந்தை குடியிருக்கும், பகலிலும் வெளியே நிற்கும், தூரத்தில் ஒரே மாதிரி இருக்கும். அது சட்டப்படி பாதுகாக்கப்பட்ட பறவை. தொலைநோக்கியில் பார்த்து உறுதி செய்த பிறகுதான் மற்றது. கொனாட்டா பேசின் பக்கம் போகவே வேண்டாம், அங்கே கருங்கால் ஃபெரெட் என்ற கீரி மாதிரியான சின்ன விலங்குகளை விட்டு வளர்க்கிறார்கள், பிரெய்ரி நாய் சுடத் தடை. 1981-இல் வயோமிங்கில் ஒரு பண்ணை நாய் அந்த ஃபெரெட் ஒன்றைக் கவ்விக்கொண்டு வரும்வரை அந்த இனமே அழிந்துவிட்டது என்று நினைத்திருந்தார்கள். எல்லைக்கோடு எங்கே போகிறது என்று வரைபடத்தில் பார்த்துவிட்டுக் கிளம்பு. உரிமச் சீட்டு விஷயமும் மாநில வேட்டைத் துறையிடம் கேட்டுக்கொள்.

தோட்டா நிரப்பும் என் பழைய ஆர்சிபிஎஸ் அழுத்துப்பொறியையும் தராசையும் பார்சலில் அனுப்புகிறேன். கூட்டைப் பழைய அளவுக்குக் கொண்டுவரும் .223 டையும், கூட்டைப் பிடித்துக்கொள்ளும் 10-ஆம் எண் ஷெல் ஹோல்டரும் நீ வாங்கிக்கொள், என்னிடம் இருப்பது .22-250-க்கு. மருந்தும் பிரைமரும் தபாலில் அனுப்பக் கூடாது, அதனால் அங்கேயே கடையில் பார். இணையத்தில் வாங்கினால் அபாயச் சரக்கு என்று தனிக் கட்டணம் போடுவார்கள், மருந்தையும் பிரைமரையும் ஒரே ஆர்டரில் சேர்த்துப் போடு. கண்ணாடி போட்டுக்கொண்டு நிரப்பு, முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவு, அடுக்களை மேஜையில் இந்த வேலை வேண்டவே வேண்டாம், இது அம்மா சொல்லச் சொன்னது.

முறுக்கு எத்தனை அங்குலம் என்று அளந்துவிட்டு எழுது. அதுவரை குண்டுக்கு ஆர்டர் போடாதே.

அப்பா