நடைபாதைத் தாய்க்குப் பால்பவுடர் வேண்டாம்

ஆசிரியருக்கு,

மழைக்காலம் தொடங்கியதும் சென்னை வால்டாக்ஸ் சாலை, பிராட்வே பக்கம் கைக்குழந்தையோடு நடைபாதையில் இருப்பவர்களைத் தேடி நல்ல மனசுக்காரர்கள் பலர் வருகிறார்கள். தார்ப்பாய், கொசுவலை, போர்வை எல்லாம் உடனே பயன்படும். கூடவே வரும் பால்பவுடர் டப்பாவும் பீடிங் பாட்டிலும்தான் வேண்டாம் என்கிறோம்.

பவுடரைக் கரைக்கக் கொதிக்கவைத்த தண்ணீர், 70 டிகிரிக்குக் குறையாத சூட்டில் வேண்டும். பாட்டிலை ஒவ்வொரு முறையும் கொதிநீரில் போட்டு எடுக்க வேண்டும். கரைத்த பாலை 2 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. அடுப்பே இல்லாத இடத்தில் இதில் எது நடக்கும்? குடத்துத் தண்ணீரில் கரைத்து, மிச்சத்தை மூடி ராத்திரிக்கு வைப்பார்கள். வயிற்றுப்போக்கு அங்கேதான் ஆரம்பம். ஒரு மாதக் குழந்தைக்கு 400 கிராம் டப்பா ஒரு வாரம் வருவதே கஷ்டம். அடுத்தது எப்போது கிடைக்குமோ என்று ஒரு கரண்டிக்கு அரைக் கரண்டி போடுவார்கள். வயிறு நிறையும், எடை ஏறாது. பிள்ளை சப்பினால்தான் பால் ஊறும் என்பதால், டப்பா தீரும்போது தாய்ப்பாலும் வற்றியிருக்கும். அனாதை இல்லம் தவிர வேறு யாருக்கும் பால்பவுடரோ பாட்டிலோ தானமாகத் தரக் கூடாது என்று 1992-ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. மருத்துவர் எழுதித் தந்த பவுடர் வேறு விஷயம். அப்போதும் பாலாடையில் (பால் புகட்டும் மூக்குள்ள சிறு கிண்ணம்) கொடுப்பதுதான், பாட்டில் இல்லை.

"பால் பத்தல" என்று தாய் சொன்னால், பிள்ளை ஒரு நாளைக்கு எத்தனை முறை ஒன்றுக்குப் போகிறது என்று கேளுங்கள். பிறந்து 5 நாளுக்குப் பிறகு 6 முறைக்குக் குறையாமல் போனால் பெரும்பாலும் பால் போதுகிறது. காம்பை மட்டும் கவ்வினால் புண்ணாகும். கருவட்டத்தையும் சேர்த்து வாய் நிறையக் கவ்வ வேண்டும். அதைவிடப் பெரிய தடை, ஆள் நடக்கும் பாதையில் மாராப்பை இழுத்து மூடி அவசர அவசரமாகக் கொடுப்பது. பழைய சேலை ஒன்று, நைலான் கயிறு 3 மீட்டர், துணி கிளிப் நாலு: மரத்துக்கும் கம்பிவேலிக்கும் நடுவே கட்டினால் மறைப்பு தயார். எங்களைக் கேட்டால் எந்த டப்பாவையும்விட இது உசத்தி.

சாப்பாடு தாய்க்குத்தான். அம்மா உணவகத்தில் இட்லி 1 ரூபாய், சாம்பார் சாதம் 5 ரூபாய். ஆனால் தையல் போட்ட வயிற்றோடு யார் போய் வரிசையில் நிற்பது? வாங்கி வந்து கொடுங்கள். பாலூட்டுகிறவருக்குத் தினமும் சுமார் 500 கலோரி கூடுதலாக வேண்டும்: அவித்த முட்டை 2, வாழைப்பழம் 1, கடலை உருண்டை 2 ஏறக்குறைய ஈடுகட்டும். சேனை (பிறந்த பிள்ளை நாக்கில் தொட்டு வைக்கும் இனிப்பு) வைக்கிறோம் என்று சர்க்கரைத் தண்ணீரோ தேனோ, தெருவில் விற்கும் கழுதைப்பாலோ பிள்ளை வாயில் வைக்க விடாதீர்கள்.

பிள்ளை பால் குடிக்க மறுத்தாலோ, உடம்பு சில்லிட்டாலோ சுட்டாலோ, உள்ளங்கால் மஞ்சளாக இருந்தாலோ, தாய்க்கு ரத்தப்போக்கு கூடினாலோ காத்திருக்காமல் 108.

காகிதங்களில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். கர்ப்பத்திலேயே பிக்மி எண் (கர்ப்பத்தை அரசிடம் பதிந்ததும் தரும் எண்) வாங்கி, தாய் பெயரில் வங்கிக் கணக்கும் தொடங்கிவிட வேண்டும்; பிறப்புப் பதிவும் மகப்பேறு நிதியுதவியும் இவற்றைப் பிடித்துத்தான் வரும். ஆஸ்பத்திரியில் சேரும்போது கூப்பிடும் பெயரைச் சொல்லிவிடுகிறார்கள். ஆதாரில் இருப்பது வேறு. இந்தப் பிழையை டிஸ்சார்ஜுக்கு முன்பே திருத்துங்கள். பிறப்பை 21 நாளுக்குள் பதிந்தால் கட்டணம் இல்லை. குழந்தையின் பெயருக்கு அவசரமில்லை, 12 மாதம் வரை இலவசமாகச் சேர்க்கலாம். சான்றிதழை ஜிப் கவரில் போட்டுத் தாயிடம் கொடுத்து, நகல் ஒன்றைத் தன்னார்வலர் வைத்துக்கொள்ளட்டும். நடைபாதையைச் சுத்தம் செய்ய வண்டி வரும் நாளில் மூட்டையோடு சேர்ந்து தாயிடம் உள்ள சான்றிதழும் போய்விடும்.

– நடைபாதைத் தாய்மாருக்கு உதவும் தன்னார்வலர்கள், சென்னை