ஹவர் மீட்டரையும் கொஞ்சம் பாருங்கள்

வளரும் நாடுகளில் வேளாண் இயந்திரமயமாக்கக் கொள்கையை வகுக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

எத்தனை டிராக்டர்கள் வழங்கப்பட்டன என்று கணக்குச் சொல்வதில் நீங்கள் கெட்டிக்காரர்கள். அவை எத்தனை மணி நேரம் ஓடின என்று கேட்டால்தான் மௌனம். ஸ்டீயரிங்குக்கு எதிரே ஹவர் மீட்டர் என்றொரு சிறிய எண்பலகை உண்டு; எஞ்சின் ஓடிய மணிகளை அது குறித்துவைக்கிறது. சாவி கொடுக்கும் விழா முடிந்து இரண்டு ஆண்டுகள் கழித்து, யாராவது போய் அதைப் படித்ததுண்டா?

கானா அரசு 2007இல் தொடங்கிய திட்டத்தில், வாடகை உழவு மையங்களுக்கு மானிய விலையில் டிராக்டர்கள் தரப்பட்டன. நோக்கத்தில் பிழையில்லை. ஆனால் உழவுப் பருவம் சில வாரங்கள்தான். அதற்குள் வண்டி பழுதானால் உதிரிபாகம் எளிதில் கிடைக்கவில்லை. மானியம் இருந்தும் பல மையங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை.

வங்கதேசத்தின் கதை வேறு. 1988 வெள்ளத்தில் உழவு மாடுகள் ஏராளமாக மடிந்தன. பவர் டில்லர் (கைப்பிடியைப் பிடித்து நடந்தபடி ஓட்டும் சிறு உழவு இயந்திரம்), சிறு டீசல் எஞ்சின் ஆகியவற்றின் இறக்குமதிக்கு இருந்த கட்டுப்பாடுகளை அரசு தளர்த்தியது. விலை மலிந்த சீன டில்லர்கள் வந்து குவிந்தன. வாங்கியவர் தன் நிலத்தை உழுத கையோடு அக்கம்பக்கத்து நிலங்களையும் கூலிக்கு உழுதார். இன்று அங்கே உழவின் பெரும்பகுதி இயந்திரத்தில்தான் நடக்கிறது. டில்லரைச் சொந்தமாக வைத்திருப்பவர்களோ சிலர்தான்.

அந்தச் சின்ன வண்டியை ஏளனமாகப் பார்க்காதீர்கள். பெரிய டிராக்டரை அரை ஏக்கர் துண்டில் இறக்கிப் பாருங்கள். சால் நீள்வதற்குள் வரப்பு எதிரே வந்துவிடும். கலப்பையைத் தூக்கி, பின்னே வந்து, திருப்பி, மறுபடி இறக்க வேண்டும். திருப்பத்திலேயே டீசல் போகிறது. மூலைகளைக் கொத்த மண்வெட்டியோடு தனியாக ஆள் வேண்டும்.

முழு இயந்திரத்துக்கு இறக்குமதி வரியில்லை, உதிரிபாகத்துக்கு மட்டும் உண்டு என்ற விநோதம் எந்த நாட்டில் இருந்தாலும் முதலில் அதை நீக்குங்கள். மானியத்தில் ஒரு பங்கை மெக்கானிக் பயிற்சிக்குக் கொடுங்கள்.

இன்னொன்று. நடவும் களையெடுப்பும் பல நாடுகளில் நிலமற்ற பெண்களின் கூலி. நடவு இயந்திரம் வந்தால் முதலில் போவது அதுதான். இயந்திரம் ஓட்டும் பயிற்சிக்கு அழைக்கப்படுவதோ பெரும்பாலும் ஆண்கள். பயிற்சிப் பட்டியல் எழுதும்போதே அந்தப் பெண்களின் பெயர்களைச் சேருங்கள்.

அடுத்த ஆண்டறிக்கையில், வழங்கிய ஒவ்வொரு வண்டிக்கும் ஹவர் மீட்டர் காட்டும் எண்ணை எழுதுங்கள். ஓராண்டில் நூறு மணிகூட ஓடாத வண்டி இருந்தால், அதன் சொந்தக்காரரைக் குறைசொல்லும் முன், உதிரிபாகக் கடை அங்கிருந்து எத்தனை கிலோமீட்டர் என்று அளந்துவிடுங்கள்.

இப்படிக்கு,
வாடகை உழவை நம்பியிருக்கும் ஒரு சிறு விவசாயி